நோவு தெரியாத கைகள்

அன்புள்ள டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவுக்கு,

நீங்கள் 1986-இல் கண்ணை மூடினீர்கள். என் அப்பா பனையிலிருந்து விழுந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. ஆகவே இது போய்ச் சேராத கடிதம்தான். ஆனாலும் எங்கள் வீட்டுக் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

அது பங்குனி மாதம். பதநீர் நன்றாகச் சுரக்கிற காலம், லெந்து நாட்களும்கூட. விடியுமுன் கலயம் இறக்க ஏறிய அப்பாவுக்குப் பிடி நழுவிவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தார். முதுகின் அடியில் புண் வந்து குழியாகிவிட்டது. அவருக்கு வலிக்கவில்லை, அதனால் நாங்களும் பார்க்கவில்லை. ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர் சிட்சை என்றார். இன்னொருவர், இது உனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை, சந்தோஷமாகச் சுமக்கணும் என்றார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பைத் திருப்ப ஆள் வேண்டியிருந்தது.

பிறகுதான் வேலூர், பாகாயம் மறுவாழ்வு நிலையம். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போட எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவும், சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்ளவும், கண்ணாடி பிடித்துத் தன் முதுகைத் தானே பார்க்கவும் அப்பா பழகினார். தூக்குவதற்கு மட்டும் பாடம் தேவைப்படவில்லை. பனையேறியின் கையல்லவா! உங்கள் கதையை அங்கேதான் ஒரு சிஸ்டர் சொன்னார்.

கொச்சிப் பக்கத்துச் செறாய் உங்கள் ஊர். வேலூரில் படித்து டாக்டரானீர்கள். 1954 ஜனவரியில் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானபோது உங்களுக்கு 28 வயது. முதுகெலும்பு போயிற்று, கால்கள் போயின. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார். உடம்பில் இன்னும் வேலை செய்கிற தசைநாண் ஒன்றை எடுத்து, செயலற்ற விரலுக்கு இழுத்துப்போய்த் தைப்பது அவர் முறை. அந்த அறுவையை சர்ஜன் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். இந்தச் சின்ன வசதியில்தான் உங்கள் மீதி வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அம்மா.

தொழுநோய் விரலைத் தின்பதில்லை. நரம்பு செத்து நோவு தெரியாமல் போவதால் அடுப்பும் ஆணியும் தின்கின்றன. பிராண்டு காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அப்பாவின் முதுகைத் தின்றதும் அதேதான். நோவு தெரியாத கால்களோடு உட்கார்ந்து, நோவு தெரியாத கைகளைத் தைத்தீர்கள் நீங்கள்.

சிரேனே ஊர் சீமோனை நினைத்துக்கொள்கிறேன். பிரசங்கங்களில் அவனைத் தானாக முன்வந்தவன் ஆக்கிவிடுகிறார்கள். அவன் தன் பாட்டுக்கு நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். பிடித்து நிறுத்தி இயேசுவின் சிலுவையை முதுகில் ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் ரோமச் சிப்பாய்கள், இயேசு அல்ல. இதை எங்கள் சபை ஐயரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியும் பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

உங்கள் மேல் விழுந்ததை ஆண்டவர் அனுப்பினார் என்று அலங்கரிக்க எனக்கு மனமில்லை. அப்பா விழுந்ததையும் அப்படித்தான். ஆனால் சிலுவையில் தொங்கியபோதும் இயேசு, பக்கத்தில் தொங்கியவனிடம் பேசினார், தாய்க்கு ஒரு வீடு பார்த்துவைத்தார். உங்களிடம் எனக்குத் தெரிவதும் அந்த வழிதான். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் கிடப்பவன் கண்ணில் பட்டான்.

கை அறுவையோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் நியூயார்க் வரை போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்தீர்கள். 1963-இல் வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைவரானீர்கள். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. சிஸ்டர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தம்மாவும் நம்மள மாதி சக்கர வண்டியிலதான் இருந்தாவளா?" ஆமாம் என்றதும் தலையணையிலிருந்து எழுந்து உட்காரப் பார்த்தார்.

வீடு திரும்பி ஓலைப்பெட்டி முடையத் தொடங்கினார். கோவில் வாசலில் மூன்று படி. முதல் வருஷம் பெரிய வெள்ளி ஆராதனையை வெளியே வேப்பமரத்தடியிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டார். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. அடுத்த லெந்துக்குள் சபையார் சிமெண்டுச் சரிவு போட்டுக்கொடுத்தார்கள்.

போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு பையன் மரத்திலிருந்து விழுந்தான். அப்பா ஆட்டோ பிடித்துப் போனார், நானும் கூடப் போனேன். கட்டிலைச் சுற்றி ஜெபிக்கிறவர்கள் கூட்டம். அப்பா வண்டியை இடுக்கு வழியாக உருட்டிக்கொண்டு அவன் தலைமாட்டுக்குப் போனார்.

"முதுவப் பாத்தாவளாடே?" என்று கேட்டார். பிறகு அவன் அம்மாவிடம் திரும்பி, "வீட்டுல கண்ணாடி இருக்கா?" என்றார்.

நன்றியுடன்,
பனையேறி ஒருவரின் மகள்