தகப்பனுக்கு வாராத தொப்பி

எங்கள் ஆம்பூரில் செருப்பு வாங்குகிறவன் மெருகைத்தான் மெச்சுவான். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலைப் பதப்படுத்தியவனைக் கேட்கமாட்டான். கிரிக்கெட்டில் ஏ. ஜி. ராம் சிங்கின் கதையும் அப்படித்தான்.

1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம். சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. இடது கைச் சுழற்பந்தால் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார் ராம் சிங். மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. பொழுது சாய்வதற்குள் ஆட்டமே தீர்ந்துவிட்டது! ஆனாலும் அதிகாரபூர்வமான டெஸ்ட் ஒன்றுகூட அவருக்குக் கிட்டவில்லை.

அவர் மகன் கிருபால் சிங், 1955-ல் ஐதராபாத்தில் நியூஸிலாந்துக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார். இன்னொரு மகன் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார். பேரன் அர்ஜன், 1988-89-ல் கோவாவுக்கு எதிராக 300-ஐத் தாண்டினார்.

பிள்ளைகள்தான் ஆடிவிட்டார்களே, அது போதாதா என்பீர்கள். பிள்ளையின் சம்பாத்தியம் தகப்பன் பசியைத் தீர்க்கும். தகப்பனின் ஆசையையும் தீர்க்குமா? தீர்ந்ததோ இல்லையோ, மனிதர் மைதானத்தோடு கோபித்துக்கொள்ளவில்லை. பயிற்சியாளராக நின்று ஊரார் பிள்ளைகளுக்கும் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பெரிய மனசு என்பது வேறென்ன?