வேசம் கட்டி வந்து கூப்பிடுங்க

தூத்துக்குடியில் நாடகத்துக்கு நாள் குறிப்பவர்கள் முதலில் கடலைக் கேட்க வேண்டும். இங்கே விசைப்படகுகள் விடிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்புகின்றன. நாள்கணக்கில் கடலில் தங்கும் வழக்கமில்லை. பட்டணத்து முறைப்படி மாலை ஆறரைக்கு நாடகம் என்று போட்டால், யாருக்காகப் போடுகிறோமோ அவர்களில் பாதிப் பேர் அப்போது தண்ணீரில் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆள் கரையில் இருப்பார், கையில் காசு இருக்காது. மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கப் பரதவர்கள் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை.

இதெல்லாம் தெரிந்து நாங்கள் ஞாயிறைத் தேர்ந்தெடுக்கவில்லை. மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்தது. மதுரை நண்பர்கள் சிலர் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு மணி நேர நாடகம் தயாரித்திருந்தார்கள். எனக்கு நடிப்பு வராது என்பது அவர்களுக்குத் தெரியும். நோட்டீஸ் கட்டைக் கையில் கொடுத்து முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். புரட்டாசி கடைசி, தசரா நாட்கள். கிரேட் காட்டன் ரோட்டில் மக்ரூன் வாங்க நிற்பவர்களிடம் கொடுத்தேன், பீச் ரோட்டில் பனிமய மாதா கோயிலிலிருந்து வெளியே வருபவர்களிடம் கொடுத்தேன். எல்லாரும் மரியாதையாக வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். மடித்து வைத்த நோட்டீஸை யாரும் மறுபடி பிரிப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் ஒதுங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அண்ணாச்சி நோட்டீஸை முழுதாகப் படித்தார். அப்படிப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

"யாரு நடிக்கா?"

பெயர்களைச் சொன்னேன்.

"அது சரி தம்பி, எப்போ ஊருக்குள்ள வாரீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துல அண்ணாச்சி."

"அது ஆட்டம். நான் கேக்குறது அதுக்கு முன்னால. தாள் குடுத்தா வார ஊரா இது? வேசம் கட்டி வந்து கூப்பிடுங்க, வாரோம். கொலசைல பாக்கலையா நீங்க?"

குலசேகரன்பட்டினத்தைத்தான் இந்தப் பக்கத்தில் கொலசை என்பார்கள். மறுநாள் நோட்டீஸ் கட்டை அறையில் வைத்துவிட்டுத் திருச்செந்தூருக்கு பஸ் ஏறினேன். சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே இன்னும் 13. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் அமைவதும் இதே ஊர்ப்பக்கம்தான். ஆனால் தசரா நேரத்தில் இங்கே யாரும் ராக்கெட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

குலசைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வழியெங்கும் ஆட்டம் தொடங்கிவிட்டது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருந்து, காப்புக் கட்டி, நேர்ந்த வேடத்தைத் தரிக்கிறார்கள். காளி, சுடலைமாடன், அனுமன், குறவன் குறத்தி, ராஜா ராணி, கரடி, போலீஸ், பிச்சைக்காரர். சொந்த வீடும் நிலமும் உள்ளவர் பிச்சைக்கார வேடத்தில் கை நீட்டுகிறார். ஊருக்கு ஊர் தசராக் குழு உண்டு. குழுவுக்கு ஒரு பேனர், ஒரு வேன், ஒரு தாரை தப்பட்டை செட். வேடக்காரர்கள் தெருத்தெருவாக, வீடுவீடாக ஆடிக் காணிக்கை வாங்குகிறார்கள். பத்தாம் நாள் அத்தனை காசும் அம்மன் உண்டியலுக்குப் போகிறது.

ஒரு தெருவில் காளி வந்து நின்றதைப் பார்த்தேன். சடைமுடி, நெற்றிப்பட்டை, முதுகில் கட்டிய மரக்கைகள், நாக்கு. சுமையின் கனத்தில் நடையே ஆட்டமாகிவிடுகிறது. ஒரு பெண் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். கைக்குழந்தையை நீட்டினார். காளி திருநீறு பூசி, ஒரு சுற்று ஆடி, தட்டில் விழுந்த நாணயங்களோடு அடுத்த வாசலுக்கு நகர்ந்தது. வேடத்தில் இருக்கும்வரை அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை; வயதில் மூத்தவர்களுக்கும் அவர் "அம்மா"தான். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு இளநீர் குடித்தபோது பேச்சுக் கொடுத்தேன். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர். "நாங்க யாரையும் வாங்கன்னு கூப்பிடுறதில்ல சார். அவங்க போட்ட காசு எங்க போகுதுன்னு பாக்க அவங்களே வருவாங்க" என்றார்.

விளம்பரத் தொழிலில் இருக்கும் எந்த நண்பரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. விஜயதசமி இரவு சிதம்பரேஸ்வரர் கோயில் கடற்கரையில் சூரசம்ஹாரம். மகிஷன் யானை முகம், சிங்க முகம், எருமை முகம் என்று மாறி மாறி வர, அம்மன் வதம் செய்கிறாள். மணலே தெரியாத அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பத்து நாளாகத் தன் வாசலில் ஆட்டத்தைப் பார்த்தவர், அதற்குக் காசு போட்டவர். கதையின் முன்பாதி ஏற்கெனவே அவர் வீட்டுத் திண்ணையில் நடந்து முடிந்திருக்கிறது.

எல்லாம் பக்திமயம் என்று சொல்ல மாட்டேன். குழுக்களுக்குள் போட்டி கடுமை. எந்தக் குழு எந்த நடிகரை அழைத்து வந்தது, யார் செட்டின் ஸ்பீக்கர் பெரிது என்பதில் மானப் பிரச்சினையே உண்டு. சினிமாப் பாட்டுக்கு ஆபாச நடனம் ஆடுவது பற்றிய வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. சாதி அடையாளக் கொடியும் கூரான இரும்பு ஆயுதமும் கூடாது என்று காவல்துறையும் அறிவிக்கிறது. ஸ்பீக்கர் சத்தத்தில் மூன்று குழுக்களின் பாட்டு ஒன்றாகக் கலந்தபோது எனக்குத் தலைவலி வந்தது உண்மை.

ஆளைக் கூப்பிடும் கலை இந்தக் கரைக்குப் பழையது. முத்துக்குளிப்புக் காலத்தில் கடலடியில் சிப்பி விளையும் பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிட்டு, இந்த ஆண்டு குளிப்பு உண்டு என்று அரசாங்கம் முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடும். அறிவிப்பைக் கேட்டு வணிகர், குளியாளி, சம்மாட்டியோடு கழைக்கூத்தாடிகளும் வந்து சேர, வெறும் மணல்வெளி சில வாரங்களுக்குப் பட்டணமாகிவிடும். மன்னார் வளைகுடாவின் அக்கரையிலும் இதே கதைதான். சுறாவை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டிகளும் அங்கே இருந்தார்கள். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாது என்பதற்காக. கூலி முத்தில் இருபதில் ஒரு பங்கு. 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்த செய்தி இது. கரையில் நின்று மந்திரம் சொன்னவரை நான் நடிகர் கணக்கில்தான் சேர்ப்பேன்; அவரை நம்பித்தான் குளியாளி மூச்சைப் பிடித்தான்.

1863-இல் பாரிஸில் பீஸே என்ற இளைஞர் 'முத்துக்குளிப்பவர்கள்' என்று ஓர் இசைநாடகமே போட்டார். கதை நடப்பது இலங்கையில். அவர் இந்தக் கடலைப் பார்த்ததில்லை. அந்த நாடகம் இன்றும் உலக மேடைகளில் ஓடுகிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. இப்போது திரேஸ்புரத்துக்காரர்கள் இறங்குவது சங்குக்காக.

பாரிஸை விடுங்கள். தமிழ் நாடக மேடைக்கு இலக்கணம் வகுத்த சங்கரதாஸ் சுவாமிகளே இந்த மாவட்டத்துக்காரர். 1867 செப்டம்பர் 7 அன்று காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகத்துக்குப் போவதற்கு முன் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேடம் கட்டி அவர் வந்து நின்றால் சபை நடுங்கும் என்பார்கள். பவளக்கொடி, வள்ளித் திருமணம், கோவலன் என்று எழுதிக் குவித்தவர், கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்குப் பழக்கமான ஞானசௌந்தரி கதையையும் விடவில்லை. அந்தக் காலத்துக் கம்பெனிகள் வண்டியில் மேளம் கட்டி, நோட்டீஸை வீசிக்கொண்டே ஊரைச் சுற்றும். நோட்டீஸைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடுவதே பாதி விளம்பரம்.

சுவாமிகள் 1922-இல் மறைந்தார். சரியாக நூறாண்டு கழித்து, 2022-இல், மக்களவை உறுப்பினர் கனிமொழி முன்னின்று நடத்திய நெய்தல் கலைவிழா தூத்துக்குடியில் தொடங்கியது. யாரும் கணக்குப் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. நெய்தல் மேடைகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் நள்ளிரவு தாண்டி நடக்கும் கணியான் கூத்தை, மகுடப் பறை சூடேறி வருகிற நேரத்தில், 'அடுத்த நிகழ்ச்சி' என்று முடிக்க வைப்பது அடுப்பில் வைத்த சோற்றைக் கொதி வரும்போது இறக்குவதுதான். கதை பாடும் அண்ணாவி கதைக்குள் நுழைவதற்கே மேடையில் தரும் நேரம் போதாது. இன்னொரு பக்கம், கோயில் வாசலில் தரையில் நின்று ஆடியவருக்கு அங்கே உயர்ந்த மேடை, நல்ல விளக்கு, கொடைச் சீசன் இல்லாத மாதத்திலும் ஒரு வருமானம். இதைக் குறைத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. என் ஆசை ஒன்றே ஒன்று. மேடை ஏறுவதற்கு முதல் நாள் இந்தக் கலைஞர்களைத் திரேஸ்புரம், இனிகோ நகர், தருவைகுளம் என்று தெருக்களுக்குள் விட வேண்டும். பிளெக்ஸ் செலவில் கொஞ்சம் மிஞ்சும்.

குலசையிலிருந்து திரும்பி நண்பர்களிடம் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், நவீன நாடகக்காரர்களுக்குத் தெருவில் வேடத்தோடு நடக்கக் கூச்சம் அதிகம். சனிக்கிழமை மாலை ஒருவழியாக இறங்கினோம். காலில் கறுப்புச் சாக்ஸ், தலையில் துண்டு, கையில் உப்பு வாரும் பலகை. முன்னால் ஒரே ஒரு பறை. சந்திக்குச் சந்தி நின்று, நாடகத்திலிருந்து சண்டைக் காட்சியை மட்டும் போட்டு, கங்காணி கையை ஓங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு நகர்ந்தோம். "அடிச்சானா இல்லையா?" என்று ஒரு பாட்டி பின்னாலேயே வந்து கேட்டார். நாளைக்கு வாங்க ஆச்சி என்றோம்.

ஞாயிறு மாலை வந்தவர்களில் முக்கால்வாசி பிள்ளைகள். நாடகம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் மாதா கோயில் முடித்துப் பாதியில் வந்தார்கள். ஒரு கட்டத்தில் முன்வரிசையிலிருந்து உப்பளத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் எழுந்து, "பலகைய அப்படிப் பிடிச்சா இடுப்பு போயிரும்மா" என்று நடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சொல்லி, மேடைக்கே ஏறிப் பிடித்துக் காட்டினார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். நண்பர்கள் அந்த இடத்தை நாடகத்தில் அப்படியே வைத்துக்கொண்டார்கள்; இப்போதெல்லாம் எந்த ஊரில் போட்டாலும் பார்வையாளர்களில் ஒருவரை மேலே அழைக்கிறார்கள்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது அண்ணாச்சி கடையில் மிச்ச நோட்டீஸைக் கொடுத்தேன், வடை மடிக்க ஆகும் என்று. அவர் அடுத்த ஆட்டத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆடில வராதீங்க. மாதா கோயில் கொடியேத்தம் சூலை 26, திருநாள் ஆகஸ்ட் 5. அந்தப் பத்து நாளு உங்களை ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. தடைக்காலத்துல வந்தா சும்மா பாப்பாங்க, துண்டு விரிச்சா பைசா விழாது. தடை முடிஞ்சு ரெண்டு வாரம் விட்டு வாங்க. போட்டுகாரன் கையில காசு இருக்கும், மனசும் நல்லா இருக்கும். ஆனா ஒண்ணு தம்பி, அந்தச் சண்டைய அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்க. பாதிப் பேருக்கு முடிவு தெருவுலயே தெரிஞ்சு போச்சு."