பெட்டிக்குள் ஒரு பேனா

சிங்கப்பூருக்குப் போகிற பிள்ளைக்குப் பெட்டி கட்டுவது என்றால் லேசுப்பட்ட வேலையா? பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், வடகம் என்று நான் ஒரு பக்கம் அடுக்க, "எடை கூடிப்போச்சு" என்று என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் எடுத்து வெளியே வைக்க, ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இதே கூத்து. கடைசியில் ரைஸ் மில் தராசில் கொண்டுபோய் வைத்து நிறுத்துப் பார்த்தோம்.

எங்கள் ஊர் அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயில் என்றால் சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். விளைச்சலில் முதல் மரக்கால் பெருமாளுக்கு என்று கொண்டுவந்து கொட்டுகிற ஊர். விவசாயம் ஒரு வருஷம் கை கொடுத்தால் மறு வருஷம் காலை வாரும். அதனால்தான் பெரியவன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பினான். என் வளையலும் நெக்லஸும் பாங்கில் அடகில் இருக்கின்றன. அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய வேண்டுமே.

இது நடந்தது 2025 தீபாவளி முடிந்த வாரம். பயணத்துக்கு இரண்டு நாள் பாக்கி. கூடத்தில் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், அடுத்த வீட்டு வாண்டு, இரண்டு வயசுதான் ஆகிறது, பெட்டியிலிருந்த ஷூவுக்குள் கையை விட்டு எதையோ எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வெள்ளிக் கலரில் பேனா மாதிரி ஒரு சாமான். வெடுக்கென்று பிடுங்கினேன். மாம்பழ வாசனை கமகமவென்று வந்தது.

பேனாவில் எதற்கு மாம்பழ வாசனை?

காலேஜில் படிக்கும் என் பெண் அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டாள். "அம்மா, இது ஈ-சிகரெட்" என்றாள். உள்ளே ஒரு சின்ன பாட்டரி, ஒரு கம்பிச் சுருள், நிகோடின் கலந்த திரவம். பாட்டரி கம்பியைச் சூடாக்க, திரவம் ஆவியாகிறது; அதைத்தான் இழுக்கிறார்களாம். எனக்குப் பகீரென்றது. அந்தத் திரவம் குழந்தை வயிற்றுக்குள் போனால் விஷம். கொஞ்சம் போனாலே வாந்தி, படபடப்பு, வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடுமாம். குழந்தையின் வாயை நன்றாகத் துடைத்து, அதன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அரியலூரில் டாக்டரிடம் ஓடினோம். நல்ல வேளை, மூடி திறக்கவில்லை, ஒன்றும் உள்ளே போகவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதை வைப்பது பூச்சி மருந்துப் பாட்டிலைத் திறந்து வைப்பது போலத்தான். அதிலும் பழ வாசனை வேறு!

சாயந்திரம் மகனைக் கொல்லைப்புறம் கூப்பிட்டேன்.

"என்னடா சாமி இது?"

அசடு வழிந்தான். "மாமா குடுத்ததும்மா. இது சிகரெட் இல்ல, வெறும் ஆவிதான். புகையே கிடையாது."

என் தம்பி துபாயில் இருக்கிறான். அங்கே 2019லிருந்து இது சட்டப்படியே கடையில் கிடைக்கிறதாம். தீபாவளிக்கு வந்தவன் மருமகனுக்குச் செல்லமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் அப்பாவும் இப்படித்தான், "பீடிதானே, சுருட்டு இல்லையே" என்று சமாதானம் சொல்லிச் சொல்லியே நெஞ்சு சளியோடு போய்ச் சேர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தம்பிக்கு அது எப்படி மறந்தது?

மகன் தலையைக் குனிந்துகொண்டு, "கைப்பையில வெச்சா ஸ்கேன்ல தெரிஞ்சிடும்மா, அதான் பெரிய பெட்டியில ஷூவுக்குள்ள வெச்சேன்" என்றான். பெட்டி மட்டும் ஸ்கேனுக்குப் போகாதா என்ன? ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. ராத்திரி என் பெண் போனில் படித்துச் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கமே போய்விட்டது.

விமானத்தில் ஈ-சிகரெட்டைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது என்று 2015லேயே உலக அளவில் விதி போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2014 ஆகஸ்டில், அமெரிக்காவில் பாஸ்டன் விமான நிலையத்தில் ஒரு பெட்டி தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்தது ஈ-சிகரெட். இதிலும் செல்போனிலும் இருப்பது லித்தியம் பாட்டரி. துணிமணி நெருக்கத்தில் பொத்தான் அமுங்கினால் கம்பி சூடாகிக்கொண்டே இருக்கும். பாட்டரி நசுங்கினாலோ, உள்ளே ஷார்ட் ஆனாலோ அதுவே சூட்டைக் கிளப்பிக்கொண்டு வெடித்து எரியும். விமானத்தின் அடிவயிற்றில் தீயணைக்கும் வாயு இருக்கிறது. ஆனால் அது ஜுவாலையை அடக்குமே தவிர, பாட்டரிக்குள் கொதிப்பதை அடக்காது. அங்கே போய்ப் பார்க்கவும் ஆள் கிடையாது. மேலே பயணிகள் இருக்கும் இடம் என்றால் புகை வந்ததும் தெரியும். பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள்.

பவர் பாங்கும் அப்படித்தானாம். கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-ஹவர் வரை கேட்க மாட்டார்கள். மகன் வாங்கியிருந்தது 20,000 என்று போட்டிருந்தது. என் பெண் கணக்குப் போட்டு, "74 தான் வருது, பயமில்ல" என்றாள். 2025 ஜனவரியில் தென் கொரியாவில் பூசான் ஊரில் கிளம்பத் தயாராக நின்ற விமானம் ஒன்று எரிந்துபோனது பவர் பாங்கால்தான் இருக்கும் என்று சொல்கிறார்கள். உள்ளே இருந்த 176 பேரும் இறங்கித் தப்பித்தது தெய்வச் செயல்.

அப்படியானால் இந்தப் பேனாவைக் கைப்பையில் வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். விமானத்துக்கு அது சரி, சட்டத்துக்கு? நம் நாட்டில் 2019லிருந்து இதைச் செய்யக்கூடாது, விற்கக்கூடாது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் கூடாது, இங்கிருந்து அனுப்பவும் கூடாது. முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் கூட. என் தம்பி கொண்டுவந்ததே குற்றம்!

சிங்கப்பூர் இன்னும் கறார். மேலத்தெருவில் அங்கே பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு அண்ணன் இருக்கிறார். காலையில் அவரிடம் ஜாடையாகக் கேட்டேன். "ஐயோ, வேணாம்மா" என்று பதறினார். 2018 பிப்ரவரியிலிருந்து அங்கே அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து இன்னும் இறுக்கிவிட்டார்கள். முதல் தடவை பிடிபட்டால் பெரியவர்களுக்கு 700 வெள்ளி அபராதம். வெளிநாட்டு ஆள் திரும்பவும் மாட்டினால் வேலை அனுமதி போய்விடும். ஊருக்கு அனுப்பிவிட்டு மறுபடி நுழைய விடமாட்டார்கள். என் வளையல் அடகில் இருப்பது சட்டென்று ஞாபகம் வந்தது.

வந்த கோபத்துக்கு அதைக் கொல்லையில் குப்பையோடு போட்டுக் கொளுத்தப் போனேன். என் பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். நெருப்பில் போட்டால் வெடிக்குமாம். குப்பை வண்டியில் போட்டாலும் நசுங்கித் தீப்பிடிக்குமாம். ஒரு பழைய மண்சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு அதில் புதைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரண் மேல் வைத்தோம். பிறகு பழைய செல்போன், பாட்டரி எல்லாம் மின்கழிவாக வாங்குகிற இடம் விசாரித்து, இன்னதென்று சொல்லியே கொடுத்துவிட்டு வந்தாள்.

இவ்வளவும் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. குழந்தை ஏதோ வாயில் போட்டுக்கொண்டது என்று மட்டும் சொல்லி வைத்தேன். இது அச்சில் வந்து அவர் படித்தால்தான் உண்டு. படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

திருச்சி விமான நிலையத்தில் மகன் உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி தொட மாட்டேம்மா" என்றான். அங்கே போய் என்ன செய்கிறான் என்று நான் எட்டிப் பார்க்கவா முடியும்? வாரா வாரம் போனில் பேசும்போது இருமுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். இதுவரை இல்லை.

போன மாதம் துபாயிலிருந்து தம்பி பேசினான்.

"அக்கா, அந்தச் சாமான அவன் எடுத்துட்டுப் போகலியாமே! எங்கக்கா இருக்கு? விலை ஜாஸ்தி அது."

"குப்பையில போட்டாச்சு. அடுத்த தடவை வரும்போது எங்களுக்கு ரெண்டு கிலோ பேரீச்சம்பழம் மட்டும் வாங்கியா, போதும்" என்றேன்.