ஓடுற வீட்டுக்கு ஒழுகுற கூரை!

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட்னு ஒரு ஊர். கட்டில், கிச்சன், பாத்ரூமோடு ஓடுகிற மோட்டார் ஹோம்களுக்கு அதுதான் தலைநகரம். அங்குள்ள மியூசியத்தில் 1913-ல் செய்த இழுவை வீடுகூட நிற்கிறது. லீவுக்குப் போன நான் அதிகம் பார்த்தது என்னவோ, சித்தப்பா வாங்கின செகண்ட் ஹேண்ட் வண்டியின் கூரையைத்தான்!

கட்டிலுக்கு மேலே டீ கொட்டின மாதிரி கறை. அழுத்தினால் பிளைவுட்டுக்குள் விரல் போகுது. ''மேலே கொஞ்சம் சிலிக்கான் அடிச்சா முடிஞ்சுது சித்தப்பா'' என்றேன், மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் திமிரில். ''முன்னாடி வெச்சிருந்தவனும் அதையேதான்டா செஞ்சிருக்கான்'' என்று ஏணியைக் காட்டினார்.

கூரை முழுக்க ஈ.பி.டி.எம். ரப்பர் ஷீட். விளிம்பெல்லாம் பழைய சிலிக்கான். காய்ந்த சிலிக்கான் மேல் புது சிலிக்கான்கூட ஒழுங்கா ஒட்டாது. சுரண்டியே ஆகணும். இரும்பு பட்டால் ரப்பர் கிழியும், பெட்ரோல் வகையறா பட்டால் உப்பும். கையில் இருந்தது பிளாஸ்டிக் சுரண்டி மட்டும்தான். ரெண்டு நாள்... முட்டி காலி!

புது சீலன்ட் அடிக்க அரை நாள்கூட ஆகலை. தோசை மாவு மாதிரி தானே பரவி ஸ்குரூ தலைகளை மூடியது. செங்குத்தான ஓரங்களுக்கு மட்டும் வழியாத வேறு ரகம்.

மூணாம் நாள் ராத்திரி மழை. சித்தப்பா டார்ச் அடிக்க, கட்டிலில் மல்லாந்து கறையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விடியுற வரை அது பெருசாகலை. நைந்த பிளைவுட்டை மாற்றுவது அடுத்த லீவுக்கு. டிக்கெட் அவர் செலவு!