அந்தப் பாட்டைப் பாடியது பில்லா இல்லை

வெள்ளிக்கிழமை இரவில் எங்கள் வானொலிக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "இன்னிக்கு என் மனைவிக்குப் பிறந்தநாள், ஒரு பாட்டு போடுங்க" என்பார் ஒருவர். "கார் ஓட்டிக்கிட்டு இருக்கேன், தூக்கம் வருது, குத்துப் பாட்டா ஒண்ணு போடுங்க சிஸ்டர்" என்பார் இன்னொருவர்.

சில வாரங்களுக்கு முன் வந்த ஓர் அழைப்பு அப்படி இல்லை. அன்று எழுபதுகளின் குற்றப் படப் பாடல்களை மட்டும் ஒரு மணி நேரம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தேன். 1980இல் வந்த ரஜினியின் ‘பில்லா’வையும் பட்டியலில் சேர்த்திருந்தேன். அது 1978இல் வந்த அமிதாப்பின் ‘டான்’ படத்தின் தமிழ் வடிவம். அதனால் அதுவும் எழுபதுகளின் பிள்ளைதான் என்பது என் கணக்கு. எம்.எஸ்.விஸ்வநாதனின் டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி விளக்கு எரிந்தது.

"தங்கச்சி, நல்ல நல்ல பாட்டெல்லாம் போடுவீங்களே. எதுக்கும்மா இந்த ரௌடிப் பாட்டு?"

குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வீட்டுல பதினேழு வயசுப் பையன் இருக்கான்மா. அவன் போன் அடிச்சாலே பில்லா மியூசிக்தான். ஸ்கூலுக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. யார் யார் கூடவோ சுத்துறான். ராத்திரி அவன் வர்ற வரைக்கும் நான் முழிச்சிக்கிட்டு ரேடியோ கேப்பேன். இப்ப ரேடியோலயும் அதே சத்தம்."

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுத்து ஒரு தாலாட்டுப் பாடலைப் போட்டு நிகழ்ச்சியை முடித்தேன். ஆனால் அந்தக் குரல் என்னோடு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஜார்ஜ்டவுனிலிருந்து கெலுகோருக்கு வரும் கடலோர நெடுஞ்சாலை நள்ளிரவில் வெறிச்சோடிக் கிடக்கும். தூரத்தில் பினாங்குப் பாலத்தின் விளக்குகள் தெரியும். வழக்கமாக அந்த நேரத்தில் என் காரில் இந்தப் படங்களின் பாடல்கள்தான் ஓடும். அன்று போடவில்லை. இந்தப் பாடல்கள் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கின்றன என்று முதல் முறையாக யோசித்துக்கொண்டு ஓட்டினேன்.

பதில் என் அப்பாவின் பஸ்ஸில் இருக்கிறது.

அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். 1972இல் அந்தத் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து நம் பினாங்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போயிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் பள்ளி விடுமுறை வந்தால் நானும் அப்பாவோடு பஸ்ஸில் ஏறிவிடுவேன். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டுகள். லிட்டில் இந்தியா கடை ஒன்றில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியவை. ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘மூடுபனி’, ‘பில்லா’ எல்லாம் அந்த டின்னில்தான் எனக்கு அறிமுகம்.

ஷிஃப்ட் முடிந்து ஏறும் அக்காமார்கள் சிலர் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். சிலர் கூடவே பாடுவார்கள். ஒவ்வொருவரையும் வீட்டருகே இறக்கிவிட்டதும் அப்பா உடனே பஸ்ஸை எடுக்க மாட்டார். முன்விளக்கைப் போட்டபடி, அந்த அக்கா கேட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை காத்திருப்பார். "ஏன்பா இவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "காலம் அப்படிம்மா" என்பார். அந்தக் காத்திருப்பில் இஞ்சின் உறுமலோடு கேட்ட பாடல்கள்தான் என் மனதில் தங்கிவிட்டன.

இந்தப் படங்களைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்த காலத்தில், ஒரு கட்டுரைக்காக மூன்றையும் வரிசையாகப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

‘மூடுபனி’யில் ஜேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டை எல்லாருக்கும் தெரியும். இன்றும் திருமண வரவேற்பில் யாராவது கிட்டாரோடு வந்தால் அதைத்தான் வாசிப்பார்கள். படத்தில் அதைப் பாடுபவன் பெண்களைக் கொல்கிறவன். ஒரு பெண்ணைக் கடத்திவந்து அடைத்துவைத்து, அவளுக்கு முன் உட்கார்ந்துதான் அதைப் பாடுகிறான். பாலுமகேந்திரா ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை மனதில் வைத்து எடுத்த படம் அது. இளையராஜாவுக்கு நூறாவது படம்.

1978இல் வந்த பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்க’ளும் அப்படித்தான். அதன் காதல் பாடல்களில் ஒன்றை கமல்ஹாசனே ஜானகியோடு பாடினார். இன்னொன்றைப் பாடியவர் நம் மண்ணில் பிறந்து சென்னைக்குப் போன மலேசியா வாசுதேவன். கேட்கும்போது எவ்வளவு குளிர்ச்சி! ஆனால் படத்தில் அந்தக் காதலன் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிறவன். அவன் வீட்டு ரோஜாச் செடிகள் எதன் மேல் பூக்கின்றன என்று தெரிந்தபின் அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க முடியாது.

அப்பா பஸ்ஸில் அந்த அக்காமார்கள் கண்ணை மூடி ரசித்த பாடல்கள் இவை. அவர்கள் வீட்டுக் கதவு மூடும் வரை அப்பா எதற்குப் பயந்து காத்திருந்தாரோ, அதைப் பற்றிய படங்களில் வந்த பாடல்கள்!

இது எப்படி நடந்தது? நம் ஊர் இசைத்தட்டுப் பழக்கம்தான் காரணம். தமிழ்ப் படத்துக்கு இசைத்தட்டோ கேசட்டோ வந்தால் அதில் பெரும்பாலும் பாடல்கள்தான் இருக்கும். பின்னணி இசை இருக்காது. ‘சிகப்பு ரோஜாக்க’ளில் இளையராஜா நம்மை நடுங்கவைத்த இடங்களெல்லாம் தியேட்டரிலேயே தங்கிவிட்டன. காதல் பாட்டு மட்டும் படத்திலிருந்து தப்பித்து வெளியே வந்தது. பயம் உள்ளே மாட்டிக்கொண்டது. தமிழக வானொலியில் ஒருகாலத்தில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தின் ஒலியையும் சுருக்கிப் போடுவார்கள். அதில் பாட்டும் பயமும் ஒன்றாக வீடுவரை வந்தன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பின்னணி இசையே இசைத்தட்டாக விற்றது. 1971இல் வந்த ‘ஷாஃப்ட்’ படத்துக்கு ஐசக் ஹேய்ஸ் போட்ட முகப்பு இசையைக் கேட்டுப்பாருங்கள். டிரம்ஸில் ஹை-ஹாட் தட்டு விடாமல் துடிக்கும். காலால் மிதிக்கும் வா-வா பெடலில் கிட்டார் அழும். இரண்டு நிமிடம் தாண்டியும் பாடகர் வாய் திறக்க மாட்டார். ஏதோ நடக்கப்போகிறது என்று நம்மைத் தெருமுனையிலேயே நிறுத்திவைப்பார். அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்.

அடுத்த ஆண்டு ‘சூப்பர் ஃப்ளை’ வந்தது. போதைப்பொருள் விற்பவன்தான் கதாநாயகன். இசையமைத்த கர்ட்டிஸ் மேஃபீல்டு ஒரு காரியம் செய்தார். படம் அவனை அழகாகக் காட்டக் காட்ட, பாடல்களில் அவர் போதையால் செத்தவனைப் பற்றியும், ஏமாந்து போனவனைப் பற்றியும் பாடிவைத்தார். படத்தோடு இசையே சண்டை போட்டது. வசூலிலும் இசைத்தட்டு படத்தை முந்தியது. ஐம்பது ஆண்டு கழித்தும் மக்கள் கேட்பது அந்த இசைத்தட்டைத்தான்.

எழுபதுகளின் இந்த இசை இன்னும் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கெத்து இருக்கிறது, கெத்துக்கு அடியில் பயமும் இருக்கிறது. இன்றைய படங்களில் கத்தியோடு ஒருவன் நடந்து வந்தால் இசை அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறது. அன்றைய இசை அவனோடு நடந்தது, ஆனால் அடிக்கடி திரும்பியும் பார்த்தது.

அப்படியென்றால் பில்லா? அது வெறும் கெத்துதானே? அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வந்து, கொப்பி கலக்கிக்கொண்டு, பழைய ‘பில்லா’வை மறுபடி போட்டேன். கதையை மறந்தவர்களுக்குச் சொல்கிறேன். நிஜ பில்லா படம் பாதி தாண்டுவதற்குள்ளேயே போலீஸ் துரத்தலில் செத்துப்போகிறான். அவனைப் போலவே இருக்கும் ராஜப்பா, தெருவில் ஆடிப் பாடிப் பிழைக்கும் அப்பாவி. ஒரு போலீஸ் அதிகாரி அவனை பில்லாவாக நடிக்கச் சொல்லிக் கூட்டத்துக்குள் அனுப்புகிறார். அந்த அதிகாரியைத் தவிர உண்மை யாருக்கும் தெரியாது.

தன் பெயர் பில்லா என்று எஸ்.பி.பி. குரலில் அறிவிக்கும் அந்தப் புகழ்பெற்ற பாட்டைப் பாடுவது செத்துப்போன பில்லா இல்லை. ராஜப்பா! சுற்றிலும் துப்பாக்கிக்காரர்கள். ஓர் அடி தப்பினால், ஒரு பார்வை பிசகினால் உயிர் போய்விடும். தமிழ் சினிமாவின் மிகப் பெரிய ரௌடிப் பாட்டு, ரௌடியே இல்லாத ஒருவன் பயத்தை மறைக்கப் பாடிய பாட்டு.

சரி, ராஜப்பா ஏன் இந்த ஆபத்தான வேலைக்கு ஒப்புக்கொள்கிறான்? தான் எடுத்து வளர்க்கும் ஆதரவில்லாத சின்னப் பிள்ளைகளைப் படிக்கவைப்பதாக அந்த அதிகாரி வாக்குக் கொடுக்கிறார். அதற்காகத்தான்.

படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று ஒருவன் உயிரைப் பணயம் வைத்துப் பாடிய பாட்டு. பள்ளிக்கூடம் போகாத ஒரு பையன் கெத்துக்காக அந்த பில்லா இசையை வைத்துக்கொண்டிருக்கிறான். 2007இல் அஜித் நடித்த புதிய ‘பில்லா’ பெரும்பாலும் நம் நாட்டிலேயே எடுக்கப்பட்டது. பத்துமலை முருகன் முன்னால் கூட ஒரு பாட்டு உண்டு. யுவன் சங்கர் ராஜா அந்தப் பழைய பாட்டையும் புதுப்பித்துப் போட்டார். அந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட படம் அது. இசை மட்டும் அவன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, கதை வரவில்லை.

அதை அவனிடம் சேர்க்காதது யார்? பாட்டை மட்டும் உருவி உருவிப் போடும் என்னைப் போன்றவர்களும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே பாடல்களை மறுபடி போட்டேன். நீக்கிவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் நான் நிறுத்தினால் அவன் கேட்காமல் இருக்கப்போவதில்லை. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு நிமிடம் பேசினேன். இதைப் பாடுகிறவன் யார், யாரிடம் பாடுகிறான், அந்தப் பெண் அப்போது எங்கே இருக்கிறாள், அவன் பாக்கெட்டில் என்ன இருக்கிறது, நெஞ்சில் என்ன இருக்கிறது. ‘டான்’ இந்திப் படத்தின் ஆட்டப் பாட்டையும் சேர்த்தேன். அந்த மெட்டை 2005இல் பிளாக் ஐட் பீஸ் குழு எடுத்துக் கையாண்டபோது உலகமே ஆடியது. படத்தில் அதற்கு ஆடும் பெண், தன் காதலனைக் கொன்றவனைப் போலீஸ் வரும் வரை பிடித்துவைக்கத்தான் ஆடுகிறாள். இதைச் சொன்னதும் ஓர் ஐ.டி. இளைஞர் அழைத்து, "இத்தனை வருஷம் ஜிம்ல அதைப் போட்டு ஓடிக்கிட்டிருந்தேனே" என்று சிரித்தார்.

அப்பாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "பாட்டு மூணு நிமிஷம், உன் பேச்சு ஒரு நிமிஷமா?" என்று மறுநாள் காலை தோசைக்கு நடுவே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மூடுபனி கதை எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைங்ககிட்ட சொல்லல. ராத்திரில பயந்துடுவாங்க" என்றார்.

அந்த அம்மாவின் எண் நிலையத்தில் பதிவாகியிருந்தது. தயங்கித் தயங்கி அழைத்தேன். கேட்டாராம். பையனும் அன்று சீக்கிரம் வந்திருந்தானாம்; பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டே கேட்டானாம். ரிங்டோனை மாற்றவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. மறுநாள் பழைய ‘பில்லா’வைத் தேடிப் பாதி வரை பார்த்தானாம்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டாம்மா" என்றார். "அந்தப் பசங்க கடைசியில ஸ்கூலுக்குப் போனாங்களான்னு கேட்டான். எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொல்ல மாட்டேங்கக்கா" என்றேன். "மீதிப் படத்தையும் ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க."