தாத்தாவின் குரலை எங்கே பத்திரப்படுத்துவது?

பழைய கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைகள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. மாற்றி வாங்கிய பிறகு அந்த ஃபைல்களை எங்கே வைப்பது? சில மாதங்களாக எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் இதுதான் பட்டிமன்றத் தலைப்பு.

அம்மாவின் அப்பா 80-களில் துபாயில் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து போன் பேசினால் சம்பளமே கரைந்துவிடும் காலம் அது. அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். அப்படி வந்த ஆறு கேசட்கள் தென்காசியில் ஆச்சியின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தன. மாடு கன்று போட்டதா, அம்மா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா, மழை உண்டா என்று வரிசையாக விசாரிப்பார். நடுவில் பேச்சு நின்றுவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். தாத்தா இன்று இல்லை. அந்தச் செருமல் இருக்கிறது.

கேசட்களோடு அப்பா அம்மாவின் கல்யாண வீடியோ, 400 போட்டோக்கள் எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கினோம். மொத்தம் 18 ஜிபி. ஒரு சினிமாப் பாட்டு அளவுக்குக்கூட யாரும் பொருட்படுத்தாத அளவு. ஆனால், இது போனால் வேறு எங்கும் கிடைக்காது.

ஆளுக்கொரு யோசனை

மாமா, "டிவிடியில் போட்டு வை, தொடாமல் இருந்தால் கெடாது" என்றார். ஆனால், நாம் வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் பதிவாவது ஒரு சாயப் பூச்சில். வெப்பமும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இன்றைய லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் டிவிடி போடும் இடமே இல்லை.

அம்மா பென் டிரைவ் கட்சி. பென் டிரைவிலும் எஸ்எஸ்டி-யிலும் தகவல் மின்னூட்டமாகத்தான் தங்குகிறது. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் தராமல் டிராயரில் போட்டு வைத்தால் அது மெல்லக் கசியும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால், உள்ளே சுழலும் பாகங்கள் உண்டு. கீழே விழுந்தால் ஆபத்து, விழாவிட்டாலும் ஒருநாள் நிற்கும்.

தம்பிக்கு கிளவுட்தான். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதுவும் மெயிலுக்கும் சேர்த்து. எங்கள் 18 ஜிபிக்கே மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை நீக்கலாம் என்பதும் அவர்கள் விதியில் இருக்கிறது.

ஆக, 'இதில் போட்டால் நூறு வருஷம்' என்று நம்பி உட்கார ஒரு பொருளும் இல்லை.

பூட்டியே கிடக்கும் பெட்டி

இந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் சித்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சித்தப்பா எங்கள் குடும்பத்தின் கேமராமேன். காதுகுத்து முதல் சடங்கு வரை எல்லா விசேஷத்தையும் படம் பிடித்து, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஆண்டுவாரியாக அடுக்கி, பத்திரமாக பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருந்தார். 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று.

அந்த ஹார்ட் டிஸ்க் இன்றும் பழுதில்லாமல் இயங்குகிறது. கம்ப்யூட்டரில் செருகினால் விளக்கு எரிகிறது. திறக்கத்தான் முடியவில்லை. சித்தி அதைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

கடைசியில் ஆச்சி ஒரு கேள்வி கேட்டார். "அதெல்லாம் சரி... எனக்குத் தாத்தா பேச்சைக் கேக்கணும்னா யாரைக் கூப்பிடணும்?"

எங்கள் பட்டிமன்றத்துக்கு அதுதான் தீர்ப்பு. எதில் வைப்பது என்பதைவிட, யார் திறப்பார்கள் என்பதுதான் முக்கியம்.

நாங்கள் செய்தது

காப்பதற்கு ஒரு பிரதி, கேட்பதற்கு ஒரு பிரதி என்று பிரித்துக்கொண்டோம். காப்பதற்கானது சுருக்கப்படாத டபிள்யூஏவி ஃபைல். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் ஆகும். கேட்பதற்கானது எம்பி3, 60 எம்பிக்குள் முடியும். அந்த எம்பி3-கள் ஒரு பென் டிரைவில் ஏறி, ஆச்சியின் யூஎஸ்பி ரேடியோவில் செருகிக் கிடக்கின்றன. ஒரு பட்டனை அமுக்கினால் தாத்தா பேசுவார். யாரையும் கூப்பிட வேண்டாம்.

காப்பதற்கு, பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 விதியைப் பிடித்துக்கொண்டோம். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில். சென்னையில் எங்கள் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், தென்காசியில் மாமா வீட்டில் இன்னொன்று, மூன்றாவது கிளவுடில். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு 'வேறு இடம்' ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரே பீரோவில் இருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் நனையும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதியாகக் கணக்கில் எடுக்கவில்லை. சாதாரணமாக அனுப்பும் போட்டோவையும் வீடியோவையும் அது சுருக்கிவிடும். ஃபைல்களுக்கு '1986_துபாய்_கேசட்2' என்பதுபோலப் பெயர் வைத்தோம். போட்டோவில் இருப்பவர்களின் பெயர்களை ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். அவரைத் தவிர அந்த முகங்களை அறிந்தவர் இப்போது யாருமில்லை.

ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பாஸ்வேர்டு போடவில்லை. கிளவுட் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலிலேயே வைத்துவிட்டோம். கணக்கு நீண்ட காலம் செயல்படாவிட்டால் நாம் குறிப்பிடும் ஒருவருக்கு அதிலுள்ளவற்றைத் தரும் ஏற்பாடு கூகுள் அமைப்புகளில் உண்டு. ஆப்பிளில், ஒருவர் இறந்த பிறகு அப்படித் தரும் ஏற்பாட்டுக்கு 'லெகசி கான்டாக்ட்' என்று பெயர். இரண்டையும் நிரப்ப ஐந்து நிமிடம் போதும்.

1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. ஊரே திரண்டு பார்த்த அந்தப் படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. ஊர் அறிந்த படத்துக்கே அந்த நிலை என்றால், நம் வீட்டுக் கேசட்டை நம்மைத் தவிர யார் காப்பாற்றுவார்கள்?

பழையன கழியும் போகி அன்று, கழியக் கூடாததைச் சரிபார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எல்லா ஹார்ட் டிஸ்க்கையும் செருகி, ஒவ்வொன்றிலும் சில ஃபைல்களைத் திறந்து பார்க்க வேண்டும். ஐந்தாறு வருடமானதைப் புதியதாக மாற்ற வேண்டும். சரிபார்க்கும் பொறுப்பு வருடத்துக்கு ஒருவர். முதல் வருடம் சித்தி, அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.