ஆறட்டும் என்றார் பெரியவர்

இத்தாலியின் லொம்பார்டியில், ஆர்கன் என்ற இசைக்கருவிக்குக் குழாய் செய்யும் ஒரு பட்டறைக்குள் நுழைந்தபோது ஈயமும் வெள்ளீயமும் ஒரே கொப்பரையில் உருகிக் கிடந்தன. துணி விரித்த நீள மேசை. அதன் ஒரு முனையில் அடியில்லாத மரப்பெட்டி. பட்டறைப் பெரியவர் அகப்பையால் மொண்டு பெட்டிக்குள் ஊற்றினார். ஊற்றியதும் இழுத்துவிடவில்லை, குனிந்து பார்த்தபடியே நின்றார். கண்ணாடியாக மின்னிய பரப்பு மெல்ல மங்கியது. அந்தக் கணத்தில் இருவர் பெட்டியைப் பிடித்து மறுமுனைவரை ஒரே சீராக இழுத்துப் போனார்கள். பின்னால் வெள்ளிநிறத் தகடு விரிந்துகொண்டே வந்தது. வேகம் தப்பினால் தடிமன் மாறும். தடிமன் மாறினால் குழாயின் குரல் மாறும்.

ஆர்கனில் ஒரு குழாய்க்கு ஒரு சுரம்தான். நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். தகட்டை உருளையில் சுற்றி, விளிம்பை ஒட்டிச் சுண்ணப்பொடி குழைத்த பசை பூசி, பற்றவைக்கிறார்கள். பசை பட்ட இடத்தில் ஈயம் ஒட்டாது என்பதால் பற்றவைத்த கோடு நூல் பிடித்ததுபோல் நேராக நிற்கிறது.

நான் இத்தாலிக்குப் போனது, ஆர்கன் செய்த அந்தென்யாத்தி குடும்பத்தின் தடத்தைத் தேடித்தான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஷா நகரில் பார்த்தோலோமியோ தொடங்கிய தொழில், தலைமுறை தலைமுறையாக 17ஆம் நூற்றாண்டுவரை நடந்தது. 1554இல் மிலானின் சான் மவுரிசியோ கன்னியர் மடத்துக்கு ஜான் ஜாக்கோமோ செய்த ஆர்கன் இன்றும் அங்கேயே இருக்கிறது. 1581இல் பிரெஷாவின் சான் ஜுசெப்பே தேவாலயத்தில் கிராட்சியாதியோ செய்ததும் அப்படித்தான். அந்தத் தேவாலயத்தில் வயலின் குடும்பக் கருவிகள் செய்த காஸ்பரோ த சாலோவும், இசையமைப்பாளர் பெனதேத்தோ மார்செல்லோவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் இந்த ஆர்கன் ஒலிக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கிராட்சியாதியோவின் மகன் கோஸ்தான்சோ 1608இல் 'லார்த்தே ஒர்கானிகா' என்ற நூலை அச்சிட்டார். ஒரு தந்தையும் மகனும் பேசிக்கொள்வதாக எழுதியது. குடும்பம் செய்த 140க்கும் மேற்பட்ட ஆர்கன்களின் பட்டியல் அதில் இருக்கிறது. எந்தக் குழாய் வரிசையை எதனோடு சேர்த்து ஒலிக்க வேண்டும் என்ற அறிவுரையும் இருக்கிறது. வீட்டுக்குள் பொத்திவைத்திருக்கக்கூடிய வித்தையை ஊருக்கே திறந்து வைத்தவர் அவர். அதற்காகவே எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை.

நூலில் ஃபிஃபாரோ என்ற குழாய் வரிசையைப் பற்றி அவர் எச்சரிக்கிறார்: அடிப்படை வரிசையான பிரின்சிபாலேயோடு மட்டும் சேர்க்க வேண்டும், வேறு எதைச் சேர்த்தாலும் எல்லாமே சுதி விலகியதுபோல் தோன்றும். படித்தபோது எனக்கு இது புரியவில்லை. பெரியவரிடம் கேட்டேன். இரண்டு சின்னக் குழாய்களை எடுத்துக் காற்றுப்பெட்டியின் மேல் நிறுத்தினார். தனித்தனியே ஒலித்தபோது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சேர்ந்து ஒலித்தபோது ஓசை ததும்பத் தொடங்கியது, குளத்து நீர் படிக்கட்டில் தட்டித் தட்டித் திரும்புவதுபோல. ஒன்றை மயிரிழை சுதி விலக்கியே வைத்திருக்கிறார்கள். வேறொரு வரிசையின் குழாயையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். காது கூசியது.

பிறகு புதுக் குழாய் ஒன்றின் உதட்டைக் கத்திமுனையால் நெம்பி, அடித்துளையைச் சற்றே விரித்தார். ஊதிக் கேட்க நான் கை நீட்டினேன்.

"தொடாதீர்கள். சூடு ஏறினால் சுதியும் ஏறிவிடும். ஆறட்டும்."

தன் கைச்சூட்டுக்கும் சேர்த்துத்தான் காத்திருந்தார். அதுவரை யாரும் பேசவில்லை. குழாய் ஒலித்தது, எனக்கு நிறைவாகவே கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார்.